அளவெடுக்காம வித்த சைக்கிள்

சைக்கிள் விக்கிறது லேசான வேலைன்னு நெனைக்கிறவங்க ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்க கடையில வந்து நின்னு பாக்கணும். துணிக்கடையில சேலை பிடிக்கலேன்னா மடிச்சு வச்சிரலாம். எங்க தொழில்ல, வந்தவங்க பெல்லை அடிச்சுப் பாப்பாங்க, டயரை அமுக்கிப் பாப்பாங்க, கூட வந்த பிள்ளைங்க ஆளுக்கொரு பெடலைச் சுத்திவிடும், கடைசியில "இன்னொரு நாள் வாறோம்"னுட்டுப் போயிருவாங்க. கவுண்டருக்குப் பின்னாடி கால் கடுக்க நின்னு, ஒரே பதிலை முப்பது தடவ சொல்லி, முப்பத்தோராவது தடவையும் சிரிச்ச மொகமாச் சொன்ன ஆளா நீங்க? அப்ப வாங்க, நம்ம ரெண்டு பேரும் ஒரே கூட்டம்தான்.

எம்பேரு சேகர். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்புடு தூரத்துல கடை. ஒம்பது வருசமா இருக்கேன். மொதலாளியை பாய்னுதான் எல்லாரும் கூப்புடுவோம். பின்னாடி பட்டறையில அந்தோணியண்ணன், மெக்கானிக்கு. பாதி நாளு வாயே தொறக்க மாட்டாரு, தொறந்தா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுதான். எனக்கு ஒரு எடத்துல நிக்க வராது. ஆளு இல்லேன்னா வரிசையில நிக்கிற சைக்கிளை இங்கிட்டு இருந்து அங்கிட்டு மாத்துவேன், அங்கிட்டு இருந்து இங்கிட்டு மாத்துவேன். டைட்டா இருக்குற நட்டை மறுபடியும் டைட் பண்ணுவேன். "ஸ்டூலு எதுக்குடா போட்டுருக்கு?"ன்னு பாய் தெனமும் கேப்பாரு.

கொஞ்ச வருசமா ரேஸ் சைக்கிள் நல்லா போகுது. ஹேண்டிலு ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்சு, டயரு மெலிசா இருக்குமே, அதுதான். கம்பெனிக்காரங்க ரோடு பைக்ம்பாங்க. முன்னாடி பயலுக மட்டும்தான் கேட்டு வருவானுங்க. இப்ப பொம்பளைங்களும் வாராங்க, கையில இவ்வளவுதான் இருக்குன்னு கறாரா ஒரு தொகையைச் சொல்லிக்கிட்டு. அங்கதான் என் தலைவலி ஆரம்பம்.

ஓட்டப்போறது ஒருத்தர், ஏறிப் பாக்குறது ஒருத்தர்

எங்க பக்கம் ஒரு பழக்கம் இருக்கு. பொம்பளைக்கு சைக்கிள் வாங்க வந்தா, கூட வந்த ஆம்பளைதான் ஏறிப் பாப்பாரு. அப்பா, அண்ணன், புருசன், யாரும் இல்லேன்னா கூட்டிட்டு வந்த ஆட்டோக்காரரு. நடுரோட்டுல, நாலு பேரு பாக்க, சேலையோட எப்படி ஏறுறதுன்னு அவங்க ஒதுங்கி நின்னுக்குவாங்க.

பொன்னமராவதியில இருந்து ஒரு பொண்ணு அண்ணனோட வந்துச்சு. பேங்க்குல வேலை. காலையில பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டணும்னு ஆசை. பட்ஜெட்டையும் தெளிவாச் சொல்லிருச்சு. அண்ணன் ஆறடி, அண்ணாந்து பாத்துத்தான் பேசுனேன். அவரு இருக்கறதுலயே பெரிய சைக்கிளா வாங்கி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு அழுத்து அழுத்திட்டு வந்து, "சூப்பரு, இதையே பில் போடுங்க"ன்னாரு. தங்கச்சி அவரு தோளுக்குக்கூட வராது. "சார், ஓட்டப்போறது அவங்க. இதுல அவங்களுக்குக் காலும் எட்டாது, கையும் எட்டாது"ன்னேன். கிறுக்கனைப் பாக்குற மாதிரி என்னைப் பாத்தாரு.

"எனக்குச் சரியா இருந்தா அவளுக்கும் சரியாத்தான் இருக்கும். ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானேங்க!"

சவுதியில இருந்து சைஸ் பாத்தவர்

கோட்டைப்பட்டினத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. கையில போனு, போனுக்குள்ள புருசன், அவரு இருக்கறது சவுதியில. "தம்பி, சக்கரத்தைச் சுத்திக் காமிங்க"ன்னாரு. சுத்துனேன். "செயினைக் காமிங்க." காமிச்சேன். "பிரேக்கைப் பிடிங்க, சத்தம் வருதான்னு கேக்குறேன்." பிடிச்சேன். நெட்டு விட்டு விட்டு வருது. அவரு மூஞ்சி பாதியில நின்னு போகுது. திரும்ப வந்தா மறுபடியும் சக்கரத்துல இருந்து ஆரம்பிக்கிறாரு. "ஒங்க ஒசரம் எவ்வளவும்மா?"ன்னு அந்த அம்மாவைக் கேட்டேன். பதிலு சவுதியில இருந்து வருது: "எம் மூக்கு வரைக்கும் வருவா தம்பி."

அவரு மூக்கை வச்சு நான் எந்த சைஸை எடுக்கறது? "கால் அளவு தெரிஞ்சாத்தாங்க சொல்ல முடியும்"னேன். அவரு யோசிக்க ஆரம்பிச்சாரு. அந்த அம்மா அதுவரைக்கும் வாயே தொறக்கல. போனை மெதுவா தன் பக்கம் திருப்புனாங்க.

"மச்சான், காலு இங்கன எங்கிட்டத்தான் இருக்கு. நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்க, நான் ஏறிப் பாத்துட்டுச் சொல்றேன்."

ஒரே வெலைன்னா

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காடு வச்சிருக்கறவரு, காலேஜ் போற மகளுக்கு சைக்கிள் எடுக்க வந்தாரு. ரேஸ் சைக்கிள்ல ஒரு விசயம், சின்ன பிரேமு பெரிய பிரேமு எல்லாம் ஒரே வெலைதான். இதை நான் அவருகிட்ட சொல்லியிருக்கவே கூடாது. நாக்குல சனி. சொல்லிட்டேன்.

"அப்ப பெருசையே எடுங்க"ன்னாரு. "அய்யா, பாப்பாவுக்குச் சின்னதுதான் சரி. குனிஞ்சு ஹேண்டிலைப் பிடிக்கிறப்ப முதுகு இழுக்கக் கூடாது. நின்னா ரெண்டு காலும் தரையில ஊனணும். கை விரலு பிரேக்குக்கு எட்டணும்"னு அரை மணி நேரம் சொன்னேன். ஏறிக்கூடக் காமிச்சேன். அந்தப் பொண்ணு 'அய்யோ அப்பா'ன்னு தலையில கை வச்சுக்கிட்டு நிக்கிது. அவரு ரெண்டு சைக்கிளையும் ஒவ்வொரு கையில தூக்கித் தூக்கிப் பாத்தாரு.

"ஏந்தம்பி, அதே காசுக்கு இரும்பு கொறைச்சலா இருக்கறதை எவனாச்சும் வாங்குவானா?"

கூடை

ஒரு அம்மாவுக்கு மட்டும் எல்லாமே பிடிச்சிருச்சு. சைஸ் சரி, வெலை சரி, கலரு சரி, ஏறி ஒரு ரவுண்டும் போயிட்டு வந்துட்டாங்க. எனக்கு அன்னைக்குத் தலையில பூ வச்ச மாதிரி இருந்துச்சு. பில் புக்கை எடுத்தேன்.

"எல்லாம் சரி, இந்த ரேஸ் சைக்கிளுக்கு முன்னாடி ஒரு கூடையும் பின்னாடி ஒரு கேரியரும் வச்சுக் குடுத்துருங்க. வாரப்ப கீரை வாங்கிட்டு வரணும்ல?"

வசந்தாக்கா

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் அடுத்தவங்களைக் கேலி பண்ணுன கதை, அது வாயில தானா வரும். இனிமே சொல்றது நான் பண்ணுன தப்பு.

வசந்தாக்காவுக்குக் குடுமியான்மலை. வயசு நாப்பத்தொண்ணு. டவுன்ல ஒரு டைலர் கடையில ஜாக்கெட் தைக்கிறாங்க. சுகர் வந்துருச்சு, நடங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இவங்க நடக்காம, மகளுக்கு ஸ்கூல்ல குடுத்த சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்க. ஓட்டம் பிடிச்சுப் போச்சு. ஞாயித்துக்கிழமை டவுன்ல ஒரு சைக்கிள் கூட்டம் கெளம்பும், அதுல போயிச் சேந்துக்கிட்டாங்க. இன்னும் ஆறு வாரத்துல அந்தக் கூட்டம் நூறு கிலோமீட்டர் ஓட்டப் போகுது, ஏழு மணி நேரத்துல முடிக்கணும். அதை ஓட்டியே தீரணும்னு வந்து நின்னாங்க. சேலைக்கு ஃபால்ஸ் அடிச்சு அடிச்சு ரெண்டு வருசமாச் சேத்த காசு, இருபத்தஞ்சாயிரம். "இந்தக் காசுக்குப் பழைய ஸ்கூட்டி கெடைக்குமேக்கா"ன்னேன். "ஸ்கூட்டியில போனா ஸ்கூட்டிதான் தம்பி போகும், நான் போகணும்ல"ன்னாங்க. கூட வந்த வீட்டுக்காரரு கொத்தனாரு, நல்ல மனுசன். அவரு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, "வாங்கிக்க. ஆணியில மாட்டித் தொங்க விட்டீன்னா வித்துருவேன்"னு.

அந்த வெலைக்கு எங்ககிட்ட அன்னைக்கு ஒரே ஒரு சைக்கிள்தான் இருந்துச்சு. பெரிய சைஸு. சின்னது வேணும்னா திருச்சிக்கு ஆர்டர் போட்டு வரவைக்கணும், பத்து நாளு ஆகும். சனிக்கிழமை, கடை முழுக்க ஆளு. முறையாப் பாத்தா முதல்ல உள்கால் அளவு எடுக்கணும். கவட்டையில இருந்து குதிகால் வரைக்கும். பக்கத்துல புருசன் நிக்கிறப்ப, சேலை கட்டுன ஒரு அக்காகிட்டப் போயி அதை எப்படிங்க கேக்குறது? கேக்கல. மூஞ்சியைப் பாத்து ஒரு குத்துமதிப்புப் போட்டேன். வழக்கம்போல வீட்டுக்காரரு ஏறி ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கு"ன்னாரு. பொன்னமராவதி அண்ணனைப் பாத்துச் சிரிச்சவன் நான். அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு நின்னேன். "கொஞ்சம் பெருசாத் தெரியுதே தம்பி"ன்னு அக்கா கேட்டாங்க. "சீட்டை எறக்கிக்கலாம்க்கா, கனகச்சிதமா இருக்கும்"னு பில் போட்டுட்டேன்.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் தம்பி இருக்கும். தெனமும் இதே வேலையா இருக்கறவருக்குத் தெரியாததா?"

பழகுனா சரியாயிரும்

பத்து நாள்ல வந்தாங்க. கழுத்து வலி, தோள்பட்டை வலி. நிறுத்துனா காலு ஊன முடியல, வண்டியைச் சாச்சுத்தான் எறங்க வேண்டியிருக்கு, ரெண்டு தடவ விழுந்துட்டாங்க. முழங்கையில சிராய்ப்பு. நான் சீட்டை இன்னும் எறக்கிவிட்டு, "பழகப் பழக சரியாயிரும்க்கா"ன்னேன்.

அடுத்த வாரம் மறுபடியும் வந்தாங்க. சீட்டை எறக்குனதுல முழங்காலும் வலிக்க ஆரம்பிச்சிருச்சு. அது பரவாயில்லையாம். கையை விரிச்சுக் காமிச்சாங்க. ஹேண்டிலு ரொம்பத் தூரம், ஒடம்பு கனம் முழுக்கக் கையில விழுகுது. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகுது, எறங்குன பிறகும் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்குன்னாங்க. "ஊசியில நூலு கோக்க மூணு தடவ ஆகுது தம்பி. ஹூக்கு வச்சுக் கட்டுறப்ப ஊசி எங்க குத்துதுன்னே தெரியல. நேத்து ஒரு ஜாக்கெட்டுல ரத்தம் பட்டுருச்சு." தையக்காரங்களுக்கு விரலுதானே சோறு? அப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கணும். நான் என்ன பண்ணுனேன்னா, பஞ்சு வச்ச ஒரு ஜோடி கிளவுஸை எடுத்து ஓசியாக் குடுத்துட்டு, அதே பல்லவியைத்தான் மறுபடியும் பாடுனேன். அக்கா அதை வாங்கி மாட்டிக்கிட்டுப் போனாங்க. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு வேலை ஓடல. சோத்துல கை வச்சா அவங்க விரிச்ச கைதான் கண்ணு முன்னாடி வருது. கடைக்குள்ள குறுக்கயும் நெடுக்கயும் நடந்துக்கிட்டே இருந்தேன். அந்தோணியண்ணன் ரெண்டு நாளு என்னைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. மூணாவது நாளு ஸ்பானரைக் கீழ வச்சாரு.

"பழகுனா சரியாப் போறதுக்கு அது என்னடா, புதுச் செருப்பா?"

ஒரு ஜாக்கெட்டுக்கு எத்தனை அளவு

மூணாவது தடவ அக்கா பஸ்ஸுல வந்து எறங்குனாங்க. சைக்கிள் இல்ல. மத்தியானம், கடையில வேற ஆளும் இல்ல. வீட்டுக்காரரு சைக்கிளை விக்க ஆளு பாத்துட்டாராம், பாதி வெலைக்குக் கேக்குறானாம். "குடுத்துரலாம்னுதான் தோணுது. ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவமேன்னு வந்தேன்"னாங்க.

"ஒரு ஜாக்கெட்டுக்கு நான் எத்தனை அளவு எடுப்பேன், தெரியுமா தம்பி?"

"தெரியாதுக்கா."

"பதினொண்ணு. தோளு, முதுகு, கழுத்து எறக்கம், கை நீளம், கை சுத்தளவுன்னு பதினொண்ணு. ஐநூறு ரூவா துணிக்கு. எனக்கு சைக்கிள் குடுத்தப்ப நீங்க எத்தனை எடுத்தீங்க?"

"ஒண்ணும் எடுக்கலக்கா"ன்னேன். "ஏன்?"ன்னாங்க. "கூச்சமா இருந்துச்சுக்கா. மாமா வேற பக்கத்துல நின்னாரு." ஆரம்பிச்சாச்சு, இனிமே எதை மறைக்கறதுன்னு மிச்சத்தையும் கொட்டிட்டேன். "அது ஒங்க சைஸே இல்லக்கா. அந்த வெலைக்குக் கடையில அது ஒண்ணுதான் இருந்துச்சு. பத்து நாளு பொறுங்கன்னு சொன்னா வேற கடைக்குப் போயிருவீங்களோன்னு தள்ளிவிட்டுட்டேன். என்னை மன்னிச்சிருங்க." அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. மொகம் செவந்து போச்சு. கண்ணுல தண்ணி வருமோன்னு பயந்தேன். வரல. பையில இருந்து இஞ்சு டேப்பை எடுத்தாங்க. "எப்படி எடுக்கணும்னு சொல்லுங்க, நானே எடுத்துக்கறேன்"னாங்க.

இவ்வளவுதாங்க விசயம். ஒம்பது வருசமா எனக்கு இது தோணல. அக்கா குடோனுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டாங்க. நான் வெளியில நின்னு சொன்னேன். செருப்பைக் கழட்டுங்க, சேலையை ஒதுக்கிட்டு செவுத்துல முதுகை ஒட்டி நில்லுங்க, பில் புக்கை ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சு நல்லா மேல தூக்குங்க, புக்கு மேல்விளிம்புக்கு நேரா செவுத்துல பென்சிலால ஒரு கோடு போடுங்க, தரையில இருந்து அதை அளங்க. உள்ளயிருந்து குரல் வந்துச்சு, இருபத்தேழரை இஞ்சு. அப்புறம் வெளியில வந்து தோள் அகலம், கை நீளம் எல்லாம் அவங்களே அளந்து சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிட்டேன். நான் வித்தது அவங்களுக்கு வேண்டியதை விட மூணு சைஸு பெருசு. அக்கா டேப்பைச் சுருட்டிக்கிட்டே சொன்னாங்க.

"தப்பாத் தைச்ச ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டாந்தா, பிரிச்சுத் தைச்சுத்தான் குடுப்பேன் தம்பி. ஒடம்பைக் கொறைச்சுக்கிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன்."

பாய் சொன்னது

கடையில ஒரு சட்டம் உண்டு, வாசப்படி தாண்டுன சைக்கிள் திரும்ப உள்ள வரக்கூடாது. பாய்கிட்டப் போயி நின்னேன். நடந்ததைச் சொன்னேன். "ஓட்டுன சைக்கிளை எப்படிடா திருப்பி எடுக்கறது? கீறல் வேற விழுந்துருக்கு"ன்னாரு. "நான் எடுத்துக்கறேன் பாய். எனக்கு அந்த சைஸு சரியா இருக்கும். அவங்களுக்குச் சின்னதா ஒண்ணு வரவச்சுக் குடுத்துருங்க"ன்னேன். பாய் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. வேண்டாம்னு சொல்லிருவாரோன்னு நான் பக்கத்துல இருந்த ஒரு பெல்லை டிங் டிங்னு அடிச்சுக்கிட்டே நிக்கிறேன், கை நிக்க மாட்டேங்குது. மொதல்ல கையைப் பிடிச்சு அதை நிறுத்துனாரு. அப்புறம் திருச்சிக்குப் போன் போட்டாரு. சின்ன சைஸ்ல, அக்கா பட்ஜெட்டுக்குள்ள, போன வருசத்து மாடலு ஒண்ணு கையிருப்புலயே இருக்கு, ஊதாக் கலருங்கறதால யாரும் எடுக்கலையாம். நாளைக்கே பார்சல்ல போடச் சொன்னாரு. போனை வச்சுட்டு, பழைய சைக்கிளைக் கடைக்கே கொண்டாரச் சொல்லிட்டு என்னைப் பாத்தாரு.

"தப்புப் பண்ணும்போதெல்லாம் ஒரு சைக்கிளை நீ வாங்கிக்கிட்டா, ஒங்க வீட்டுல ஒங்க அம்மா படுக்க எடம் இருக்காதுடா."

ஊதாக் கலரு

சைக்கிள் வந்த அன்னைக்கு அக்கா காலையிலயே சுடிதார் போட்டுக்கிட்டு வந்துட்டாங்க. கடைக்குப் பின்னாடி சந்துல நிறுத்துனோம், அங்க போற வர்ற ஆளு கெடையாது. இந்தத் தடவ ஏறுனது அக்கா மட்டும்தான். வீட்டுக்காரரு ஓரமா நின்னு சீட்டைப் பிடிச்சுக்கிட்டாரு. குதிகாலைப் பெடல்ல வச்சுக் கீழ அழுத்துனா காலு நேரா நிக்கிற ஒசரத்துக்குச் சீட்டை வச்சோம். ஹேண்டிலைப் பிடிச்சா முழங்கை லேசா மடங்குற மாதிரி, முன்னாடி ஹேண்டிலைத் தாங்குற துண்டுக் கம்பியை அந்தோணியண்ணன் சின்னதா மாத்திவிட்டாரு. பிரேக்கு உள்ளுக்க ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கு, திருகுனா பிரேக்கு கைக்குப் பக்கத்துல வரும். ரெண்டு மணி நேரம் ஆச்சு. நானும் முதல் தடவையா ரெண்டு மணி நேரம் ஒரே எடத்துல குத்த வச்சு உக்காந்திருந்தேன்.

அக்கா சந்துக் கோடி வரைக்கும் போயித் திரும்பி வந்தாங்க. பிரேக்கைப் பிடிச்சு நின்னாங்க, ரெண்டு காலும் தரையில. ஆனா எனக்குப் பயம் விடல. விரலு இன்னும் முழுசாச் சரியாகல. டாக்டர் கடைசியாச் சொல்லிட்டாராம், ஓட்டி மறுபடியும் மரத்துச்சுன்னா சைக்கிளை விட்டுரணும், இல்லேன்னா கைத்தொழில் போயிரும்னு. நூறு கிலோமீட்டருக்கு ரெண்டே வாரம். சந்துல நூறடி ஓட்டி என்னத்தைக் கண்டுபிடிக்கறது? அக்கா மட்டும் அங்கயே சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

"இத்தனை நாளா நான் ஓட்டவே இல்லையா தம்பி? தொங்கிக்கிட்டுத்தான் போயிருக்கேன்!"

தஞ்சாவூர் ரோடு

நூறு கிலோமீட்டர் ஓட்டுற அந்த ஞாயித்துக்கிழமை கடை லீவு. டவுன்ல இருந்து கந்தர்வக்கோட்டை தாண்டி, தஞ்சாவூர் ரோட்டுல அம்பதாவது கிலோமீட்டர்ல திரும்பி வரணும். காலையில அஞ்சரைக்குக் கெளம்பியிருப்பாங்க. நான் ஆறு மணிக்கே முழிச்சு, பேப்பரை மூணு தடவ பொரட்டி, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து, அம்மாகிட்டத் திட்டு வாங்கிட்டேன். எட்டு மணிக்கு போனைப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. ஒம்பதுக்குப் பாத்தேன். அவங்க ஓட்டிக்கிட்டு இருக்கறப்ப எனக்கு எதுக்குப் போன் பண்ணப் போறாங்க? அது தெரியுது, ஆனா மனசு கேக்கல. எங்கயாவது கையை ஒதறிக்கிட்டு ரோட்டோரமா உக்காந்திருப்பாங்களோ, மரத்துப் போச்சுன்னு யாருகிட்டயும் சொல்லாம பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுவாங்களோன்னு ஒரே ரோசனை. எதுக்கும் இருக்கட்டும்னு ஸ்பானர் பையைத் தூக்கி மோட்டார் சைக்கிள்ல மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

டவுனைத் தாண்டி முப்பது கிலோமீட்டர் போனதும், கந்தர்வக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னாடி, ரெண்டு பக்கமும் முந்திரிக்காடு வர்ற எடத்துல, எதிர்க்க ஒரு ஊதாப் புள்ளி வருது. திரும்பித் தனியா வாராங்க, எழுவது கிலோமீட்டர் ஆயிருச்சு. வெயிலு ஏறிருச்சு. நான் வண்டியைத் திருப்பிக்கிட்டுப் பின்னாடியே போனேன். கூப்புடல, அம்பதடி தள்ளியே போறேன். முதுகு இழுக்கலை. இடுப்பு ஆடலை. காலு ஒரே சீரா எறங்கி ஏறுது. ஆனா எனக்கு வேண்டியது கை. கையைப் பின்னாடி இருந்து எப்படிப் பாக்குறது? கொஞ்ச தூரம் பொறுத்தேன். அதுக்கு மேல முடியல. பக்கத்துல போயி, "அக்கா, கை எப்படி இருக்கு?"ன்னு கத்திட்டேன். திடுக்குன்னு திரும்பிப் பாத்தாங்க. என்னைப் பாத்ததும் கண்ணை உருட்டுனாங்க. வேகத்தைக் கொறைக்கவே இல்ல. வலது கையை ஹேண்டில்ல இருந்து எடுத்து, என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, கட்டை விரல்ல ஆரம்பிச்சு சுண்டு விரல் வரைக்கும் ஒண்ணொண்ணா மடக்கிக் காமிச்சாங்க. அப்புறம் இடது கை. எனக்குக் கண்ணு கலங்கி ரோடே தெரியல, வண்டியை ஓரங்கட்டிட்டேன். அவங்க போயிக்கிட்டே திரும்பாமச் சத்தம் போட்டாங்க.

"பத்தும் இருக்கு தம்பி, எண்ணிக்கிட்டீங்கல்ல? வீட்டுக்குப் போங்க, ஒங்க வண்டி உறுமுற சத்தத்துல எனக்கு எத்தனை கிலோமீட்டர்னே மறந்து போச்சு!"

ஒம்பது வருசமா சைக்கிள் வித்தும், ஒருத்தருக்குச் சரியா அமைஞ்ச சைக்கிள் ரோட்டுல எப்படிப் போகும்னு பாக்க எனக்கு ஒரு லிட்டர் பெட்ரோலும் நடுரோட்டுல ஒரு திட்டும் தேவைப்பட்டுச்சு.